மணிக்கட்டுக்கு ஏற்ற வாட்ச் அளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ச் வாங்கப்போகும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "நாற்பது எடுக்கட்டுமா, நாற்பத்திரண்டு எடுக்கட்டுமா?" என்றுதான். அந்த ஒரு எண்ணை நம்பி வாங்கி, மூன்றே மாதத்தில் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட வாட்சுகளை நிறையப் பார்த்துவிட்டேன். காசு போவதைவிட, "என் கைக்கு வாட்சே ஒத்துவராது" என்று அவர்கள் முடிவுகட்டிவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஒத்துவராத கை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

40 மி.மீ., 42 மி.மீ. என்று போடுகிறார்களே, அது எதனுடைய அளவு?

கேஸின் விட்டம். கேஸ் என்றால் கண்ணாடியையும் மெஷினையும் தாங்கும் உலோக உடம்பு. 9 மணிப் பக்கத்து விளிம்பிலிருந்து 3 மணிப் பக்கத்து விளிம்பு வரை அளப்பார்கள். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சாவி கொடுக்கும் திருகை, அதாவது கிரவுனை, சேர்க்கக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் இதையே 'டயல் சைஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். டயல் என்பது கண்ணாடிக்கு உள்ளே எண்கள் இருக்கும் தட்டு மட்டும்தான். அது கேஸைவிடச் சிறியது. கடையில் "டயல் 40" என்றால், "கேஸ் அளவா சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 36க்கும் 40க்கும் நான்கு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் 40 மி.மீ. வாட்ச் 36ஐவிட ஏறக்குறைய 23 சதவீதம் பெரியது. நம் கண்ணில் படுவது பரப்புதான். அதனால்தான் இரண்டு மி.மீ. கூடினாலும் கையில் சட்டென்று தெரிகிறது.

அப்படியானால் எந்த அளவைப் பார்த்து வாங்குவது?

நீளத்தை. கேஸிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கால்கள் நீண்டு பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு லக் என்று பெயர். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை உள்ள நீளம், உங்கள் மணிக்கட்டின் மேல்பக்கத்துத் தட்டையான பகுதிக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் விட்டம் சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் வாட்ச் கையோடு ஒட்டி உட்காரும். அடங்காவிட்டால் லக்குகள் ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். பட்டை கையைத் தொடாமல் நேரே கீழே இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் வாட்சைத் தம்பி கட்டிய மாதிரி இருக்கும்.

விட்டம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு ஜோடி. சீகோ நிறுவனத்தின் புகழ்பெற்ற டைவர் வாட்ச், அதாவது முக்குளிப்பவர்களுக்கான வாட்ச், எஸ்கேஎக்ஸ்007இன் விட்டம் 42.5 மி.மீ.; அதன் நீளமோ 46 மி.மீ. அளவுதான், லக்குகள் குட்டை. ஜெர்மனியின் நோமோஸ் தயாரிக்கும் டாங்கென்டே 38இன் விட்டம் 37.5 மி.மீ.தான். ஆனால் அதன் லக்குகள் ஒல்லியாக, நீளமாக வெளியே வருவதால் மொத்த நீளம் 47 மி.மீ.க்கு மேல் போகிறது. விட்டம் ஐந்து மி.மீ. குறைந்த வாட்ச், நீளத்தில் பெரியதை முந்திவிடுகிறது. எண்ணைப் பார்த்து "38தானே, சின்னதுதான்" என்று வாங்குகிறவர் இங்கேதான் சறுக்குவார்.

லக்கின் வளைவையும் பாருங்கள். வாட்சை மேசைமேல் கவிழ்க்காமல் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். லக் நுனிகள் மேசையைத் தொடும் அளவுக்குக் கீழே வளைந்திருந்தால் கையை அணைத்துக்கொள்ளும். பலகைபோல நேராக இருந்தால், உங்கள் தட்டைப் பகுதியைவிட மூன்று நான்கு மி.மீ. குறைவான நீளமாகப் பார்த்து எடுங்கள்.

மணிக்கட்டை எப்படி அளப்பது?

இரண்டு அளவுகள் வேண்டும்: சுற்றளவு, தட்டை அகலம்.

சுற்றளவுக்குத் தையல்காரர் டேப் போதும். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் உருண்டையாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது அல்லவா, அதற்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக டேப்பைச் சுற்றுங்கள். வாட்ச் உட்காரும் இடம் அதுதான். தோலை அழுத்தாமல், தொட்டபடி இருக்கட்டும். டேப் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி, பேனாவால் குறியிட்டு, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது. நம் ஊர் வெயிலில் காலையைவிட மாலையில் கை கொஞ்சம் உப்பியிருக்கும்.

தட்டை அகலத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. ஏடிஎம் கார்டின் குறுகிய பக்கம் 54 மி.மீ. உலகம் முழுவதும் ஒரே அளவு. இடது கையை மேசைமேல் உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, வாட்ச் கட்டும் இடத்தில், அந்தக் குறுகிய பக்கம் கைக்குக் குறுக்கே வரும்படி கார்டை வையுங்கள். இரண்டு ஓரமும் தோலில் படிந்திருந்தால் உங்களுக்கு 54க்கு மேல் தட்டை இடம் இருக்கிறது. கடையில் இருக்கும் பெரும்பாலான வாட்சுகள் உங்களுக்கு அடங்கும். ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றால், ஒரு பழைய அழைப்பிதழ் அட்டையில் 50, 48, 46, 44 மி.மீ. நீளத்துக்குத் துண்டுகள் வெட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டு இரண்டு பக்கமும் தூக்காமல் படிகிறதோ, அதுதான் நீங்கள் தாண்டக் கூடாத நீளம்.

அந்தத் துண்டைப் பர்ஸில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். என் பர்ஸில் 50 மி.மீ. துண்டு ஒன்று இருந்து இருந்து ஓரம் நைந்துவிட்டது.

சுற்றளவை வைத்து விட்டத்தைச் சொல்ல ஏதாவது கணக்கு இருக்கிறதா?

சட்டம் இல்லை. தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமானால் என் அனுபவத்திலிருந்து தருகிறேன். 15 முதல் 16 செ.மீ. சுற்றளவுக் கைக்கு 34 முதல் 38 மி.மீ. வரை. 16 முதல் 17.5 செ.மீ. என்றால் 36 முதல் 40. அதற்கு மேல் 19 செ.மீ. வரை 38 முதல் 42. அதையும் தாண்டிய கைக்கு 42, 44 எல்லாம் தயக்கமில்லாமல் எடுக்கலாம். டேப்பில் அங்குலத்தில் பார்ப்பவர்களுக்கு: ஆறரை அங்குலம் என்பது 16.5 செ.மீ.

ஆனால் ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேரின் கை ஒரே வடிவத்தில் இருக்காது. ஒருவருக்கு மணிக்கட்டு பலகைபோல அகலமாக இருக்கும். இன்னொருவருக்கு உருளையாக இருக்கும். முதல் ஆளுக்குப் படிகிற 47 மி.மீ. நீளம் இரண்டாம் ஆளுக்குத் தூக்கும். ஆகவே இந்தக் கணக்கைவிட உங்கள் அட்டைத் துண்டை நம்புங்கள்.

என் கை ரொம்ப ஒல்லி, 15 செ.மீ.தான். ஆண்கள் வாட்ச் எதுவும் நிற்காது என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தம்பிகளின் குரலிலேயே ஒரு கூச்சம் தெரியும். தயவுசெய்து அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். 'ஆண்கள் வாட்ச் என்றால் 42க்கு மேல்' என்பது அண்மையில் வந்த வழக்கம். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பதேக் பிலிப் 1932இல் கொண்டுவந்த முதல் கலாட்ராவா, இன்றைக்கும் ஆண்களின் விசேஷ உடைக்கான வாட்ச் என்றால் இலக்கணமாகக் காட்டப்படுவது, அதன் விட்டம் வெறும் 31 மி.மீ.தான். நம் நாட்டில் ஒரு தலைமுறையே கட்டிய எச்எம்டி ஜனதா சுமார் 35 மி.மீ. அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு மாடு பிடித்தவர்களும் லாரி ஓட்டியவர்களும் உண்டு. யாரும் அதைச் சின்ன வாட்ச் என்று சொன்னதில்லை.

பெரிய வாட்சுகள் அந்தக் காலத்திலும் இருந்தன, ஆனால் காரணத்தோடு இருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படையினர் கட்டியது 55 மி.மீ. குளிருக்காகப் போட்ட தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேலே கட்டி, இருட்டில் பார்ப்பதற்காகச் செய்தது அது. இத்தாலியக் கடற்படை முக்குளிப்பவர்களுக்கு பானெராய் செய்துகொடுத்த 47 மி.மீ. வாட்சும் அப்படித்தான். அந்தத் தோற்றத்தை 1990களுக்குப் பிறகு ஊர் முழுக்கக் கட்டத் தொடங்கியபோதுதான் 40க்குக் கீழே இருப்பதெல்லாம் பெண்களுக்கு என்ற பேச்சு வந்தது.

அந்த அலையும் திரும்பிவிட்டது. ரோலக்ஸின் எக்ஸ்ப்ளோரர் 1953இலிருந்து 36 மி.மீ.யாக இருந்தது. 2010இல் 39 ஆக்கினார்கள். 2021இல் மறுபடி 36க்கே கொண்டுவந்தார்கள். பிறகு 2023இல் 40 ஒன்றையும் பக்கத்தில் சேர்த்தார்கள். டிஸோ தன் பிஆர்எக்ஸ் வாட்சை 40இலும் 35இலும் தருகிறது. இப்போது கடையில் உங்களுக்குத் தேர்வு நிறையவே இருக்கிறது.

பட்ஜெட் குறைவு என்றால் கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இலிருந்து வருகிறது, எடை 21 கிராம், நீளம் 38 மி.மீ. சொச்சம். 15 செ.மீ. கையில் அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

ஒரே 40 மி.மீ.தான். ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் தெரிகிறதே?

கண்ணாடியைச் சுற்றி இருக்கும் வளையம்தான் முக்கியக் காரணம். டைவர் வாட்சுகளில் அந்த வளையம் அகலமாக இருக்கும். அதனால் டயல் சுருங்கி, மொத்த வாட்சும் சிறிதாகத் தெரியும். வளையமே இல்லாமல் விளிம்பு வரை டயல் பரந்திருக்கும் வாட்ச் இரண்டு மி.மீ. கூடுதலாகக் காட்டும். வெள்ளை டயல் பெரிதாகவும் கறுப்பு டயல் சிறிதாகவும் தெரியும். கேஸோடு ஒன்றாக இணைந்த செயின் உள்ளவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது: செயினின் முதல் கண்ணி மடங்காமல் நேராகவே நீட்டி நிற்கும். அங்கே கேஸின் நீளத்தோடு அந்தக் கண்ணியையும் சேர்த்துத்தான் அட்டைத் துண்டோடு ஒப்பிட வேண்டும்.

தடிமன் எவ்வளவு இருக்கலாம்?

சட்டைக் கையை பட்டன் போட்டு அணிபவர் என்றால் 10 மி.மீ.க்குள் பாருங்கள், சிரமமில்லாமல் உள்ளே போகும். 12 வரை சமாளிக்கலாம். 14 போனால் சட்டை விளிம்பு வாட்சின் மேலேறி நின்றுவிடும். ஒல்லிக் கையில் தலை பாரமாகி ஒரு பக்கம் சரியும். விட்டம் சிறியதாக இருந்து தடிமன் அதிகமானால் குங்குமச் சிமிழைக் கட்டியது மாதிரி இருக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

மெல்லிய வாட்ச் பிடிக்கும் என்பவர்கள் டைட்டன் எட்ஜை ஒரு முறையாவது கையில் வாங்கிப் பாருங்கள். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த அதே டைட்டன்தான். 2002இல் அந்த எட்ஜை வெளியிட்டபோது முழு வாட்சின் தடிமனே 3.5 மி.மீ., உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மி.மீ. இவ்வளவு மெல்லிய வாட்ச் 38, 39 விட்டத்தில் இருந்தாலும் கையில் பாரமே தெரியாது.

சதுர வாட்சுக்கும் ஜி-ஷாக்குக்கும் இதே கணக்குதானா?

சதுரம் எப்போதும் பெரிதாகத் தெரியும். வட்டத்தில் இல்லாத நான்கு மூலைகள் அதில் இருக்கின்றன. வட்டத்தில் 38 கட்டுகிறவருக்குச் சதுரத்தில் 32, 33 போதும்.

அடிபட்டாலும் தாங்கும் கேசியோவின் ஜி-ஷாக் தனி ரகம். அதில் டிடபிள்யூ-5600 மாடலின் நீளம் 48.9, அகலம் 42.8, தடிமன் 13.4 மி.மீ. எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். பிளாஸ்டிக் உடம்பு என்பதால் எடை குறைவு. அது பெரிதாக இருப்பதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒல்லிக் கைக்காரர்கள் கவனிக்க வேண்டியது, பட்டை கேஸிலிருந்து இறக்கைபோல விரிந்து தொடங்குவது. 16 செ.மீ.க்குக் கீழே உள்ள கையில் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும். வேலைக்கும் விளையாட்டுக்கும் கட்டுவதற்கு அது குறையே அல்ல.

ஸ்மார்ட்வாட்சில் 42, 46 என்று இருப்பது?

அது விட்டமில்லை, உயரம். ஆப்பிள் 2015இல் 38, 42 என்று தொடங்கி, 2024இல் வந்த சீரிஸ் 10இல் 42, 46 என்று வந்திருக்கிறது. எல்லாமே மேலிருந்து கீழாக அளந்த உயரம். அகலம் அதைவிடக் குறைவு. லக் கிடையாது என்பதால் அந்த எண்ணையே நீளமாக எடுத்துக்கொண்டு அட்டைத் துண்டோடு ஒப்பிடலாம். மற்ற கம்பெனிகளின் வட்ட ஸ்மார்ட்வாட்சுகளில் போடுவது பெரும்பாலும் விட்டம்.

இங்கே அளவு அழகுக்காக மட்டும் இல்லை. பின்பக்கம் பச்சை விளக்கு அடித்து நாடித்துடிப்பை அளக்கும் சென்சார் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். கையைவிடப் பெரிய வாட்ச் ஆடிக்கொண்டே இருக்கும், அளவு தப்பும்.

ஆன்லைனில் நீளத்தைப் போடுவதே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பட்டையின் அகலத்தை, 18 அல்லது 20 அல்லது 22 மி.மீ. என்று, ஏறக்குறைய எல்லாரும் போடுவார்கள். வாட்சை நேராக முன்பக்கமிருந்து எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். லக்குகளுக்கு நடுவே பட்டை நுழையும் இடத்தின் அகலத்தை ஸ்கேலால் அளங்கள். பிறகு மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை அளங்கள். உதாரணமாகத் திரையில் பட்டை 5 செ.மீ., மொத்த நீளம் 12 செ.மீ. என்று வருகிறது, பட்டையின் உண்மை அகலம் 20 மி.மீ. என்றால், 12ஐ 5ஆல் வகுத்து 20ஆல் பெருக்குங்கள். 48 மி.மீ. ஒரு மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். சாய்வாக எடுத்த படத்தில் இதைச் செய்யாதீர்கள்.

இந்தக் கணக்கு தெரியாத நாளில் நானும் ஒரு 42 மி.மீ. வாட்சை ஆன்லைனில் வாங்கினேன். விட்டம், எடை, எத்தனை மீட்டர் தண்ணீர் தாங்கும் என்பதெல்லாம் எழுதியிருந்தது, நீளம் இல்லை. பெட்டியைப் பிரித்துக் கட்டிப் பார்த்தால் நான்கு லக்கும் மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டி நின்றன. பட்டைக்கும் கைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அளந்தால் 52 மி.மீ.! என் கைச் சுற்றளவு 16.8 செ.மீ., தட்டை இடம் 50. கண்ணாடிமேல் இருந்த படலத்தை உரித்துவிட்டேன் என்று திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே இன்னொன்றும் சொல்கிறேன்: கட்டிப் பார்த்து, இரண்டு நாள் யோசித்து முடிவெடுக்கும் வரை எந்தப் படலத்தையும் உரிக்காதீர்கள்.

கடையில் நன்றாக இருந்தது, போட்டோவில் பார்த்தால் ராட்சசன் மாதிரி இருக்கிறதே?

போனின் கேமரா செய்கிற வேலை அது. வாட்சை ஒரு சாண் தூரத்திலிருந்து எடுக்கிறீர்கள். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகவும், சற்றுப் பின்னால் போகும் கையைச் சிறிதாகவும் காட்டும். எந்த வாட்சை எடுத்தாலும் அப்படித்தான் வரும். பிறரின் மணிக்கட்டுப் படங்களைப் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆள் உயரக் கண்ணாடி முன்னால் ஆறு ஏழு அடி தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் உங்களை அப்படித்தான் பார்க்கிறார்கள். துணிக்கடையில் டிரையல் ரூம் கண்ணாடியில் சட்டையைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். அளவுக்குச் சரியான வாட்ச் அந்தத் தூரத்தில் கையின் ஒரு பகுதியாகத் தெரியும். தனியாகக் கண்ணை இழுத்தால் பெரிது.

மாப்பிள்ளைக்கு நிச்சயத்துக்கு வாட்ச் போட வேண்டும். அவரிடம் கேட்காமல் அளவு தெரிந்துகொள்வது எப்படி?

அவருடைய தம்பியையோ தங்கையையோ பிடியுங்கள். அவர் இப்போது கட்டும் வாட்சின் பின்மூடியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மாடல் எண் இருக்கும், அதை வைத்து விட்டத்தைத் தேடி எடுத்துவிடலாம். தோல் பட்டை என்றால் எந்த ஓட்டையில் போடுகிறார் என்பது தேய்ந்த தடத்தில் தெரியும். கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் தேய்ந்திருந்தால் ஒல்லிக் கை.

எதுவுமே தெரியாத நிலையில் 38 அல்லது 39 மி.மீ.யில், நீளம் 46ஐத் தாண்டாததாக எடுங்கள். பெரும்பாலான ஆண்களின் கைக்கு அது தப்பாது. "கல்யாண மாப்பிள்ளை, கொஞ்சம் கிராண்டாக, பெரிதாக எடுங்கள்" என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கேட்காதீர்கள். செயினில் கண்ணி எடுத்துக் குறைக்கலாம், கேஸைக் குறைக்க முடியாது. கிராண்டாக இருக்க வேண்டும் என்றால் டயலில், நிறத்தில், செயினின் பளபளப்பில் காட்டலாம்.

அப்பாவின் பழைய எச்எம்டி இருக்கிறது. இன்றைக்குக் கட்டினால் சின்னதாகத் தெரியுமா?

முதல் மூன்று நாள் தெரியும். அதற்குக் காரணம் வாட்ச் இல்லை, உங்கள் கண். 42, 44 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 35 திடீரென்று குறைந்ததாகப் படும். வேறு வாட்சைத் தொடாமல் இரண்டு வாரம் அதையே கட்டுங்கள். பிறகு பழைய 44ஐ எடுத்துப் பார்த்தால், இதையா கட்டினோம் என்று தோன்றும்.

எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. என் அப்பாவின் ஜனதாவை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: விட்டம் 35 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, நீளம் 41, பட்டை 18. கண்ணாடிக்கு அடியில் வெள்ளை டயல் ஓரத்தில் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறது. கிரவுனின் வரிகள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. தினமும் காலை ரேடியோவில் செய்தி தொடங்கும்போது அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சாவி கொடுத்த இடம் அது. என் 16.8 செ.மீ. கையில் இரண்டு பக்கமும் நாலு மி.மீ. தோல் தெரிய, அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் வைத்திருப்பவற்றிலேயே அளவு மிகச் சரியான வாட்ச் அதுதான்.

பழைய சின்ன வாட்சுக்குத் தடித்த, பஞ்சு வைத்த பட்டை போடாதீர்கள், வாட்சை விழுங்கிவிடும். இரண்டு மி.மீ. தடிமனில், பக்கிள் பக்கம் குறுகிச் செல்லும் தோல் பட்டை போதும். கேஸை மாற்றிப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கு எந்த அளவு?

அளப்பது அதே முறைதான். வாட்ச் நகைபோல இருக்க வேண்டுமா, மணி பார்க்கவா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வளையலோடு சேர்த்துக் கட்ட 22 முதல் 28 மி.மீ. நன்றாக இருக்கும், பெரிய கேஸ் வளையலோடு உரசிக்கொண்டே இருக்கும், இரண்டிலும் கீறல் விழும். தனியாகக் கட்ட 30 முதல் 36 வரை எதுவும் பொருந்தும். கடையில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று பிரித்திருப்பதை மதிக்க வேண்டியதில்லை. நல்ல மெஷின் உள்ள வாட்சுகள் பல ஆண்கள் பக்கம்தான் அடுக்கியிருக்கிறார்கள். 36 மி.மீ.யை அங்கிருந்தே எடுத்துக் கட்டிப் பாருங்கள்.

அம்மாவுக்கு 65 வயது. எண் தெரிவதற்காகப் பெரிய வாட்ச் வாங்கலாமா?

பெரிய வாட்ச் வேண்டாம், தெளிவான வாட்ச் வாங்குங்கள். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், 12 எண்ணும் முழுதாக அச்சிட்டிருக்க வேண்டும், முட்கள் கறுப்பாக, நிமிடக் கோடு வரை நீண்டிருக்க வேண்டும். இப்படி ஒரு 32 மி.மீ. வாட்சில், கல் பதித்த 40 மி.மீ.யைவிட நன்றாக மணி தெரியும். பளபளக்கும் தங்க டயலில் தங்க முள் என்றால் எந்த அளவிலும் தெரியாது. வயதானவர்களின் தோல் மெல்லியது. எடை குறைந்ததாகவும், பக்கிள் போடச் சிரமமாக இருந்தால் வளையல்போல மாட்டும் இழுவைச் செயினாகவும் பாருங்கள்.

கிரவுன் புறங்கையில் குத்தித் தடம் விழுகிறது. வாட்ச் பெரிதா?

பெரும்பாலும் தளர்வாகக் கட்டியிருப்பீர்கள். வாட்ச் வழுக்கி அந்த உருண்டை எலும்பைத் தாண்டிப் புறங்கைக்கு வந்து, கையை மடக்கும்போதெல்லாம் குத்தும். எலும்புக்கு மேலே தள்ளி, நகராத அளவு இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் குத்தினால் விட்டம் கூடுதல்தான். கிரவுனை 4 மணிப் பக்கம் வைத்த மாடல்கள் இருக்கின்றன. சீகோவின் டைவர்கள் பல அப்படி. வலது கையில் கட்டினால் கிரவுன் முழங்கைப் பக்கம் போய்விடும், அதுவும் நல்ல வழி.

செயினை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கட்டியபின் சுண்டுவிரல் நுழைய வேண்டும், ஆள்காட்டி விரல் நுழையக் கூடாது. கண்ணி எடுக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்துக்குப் போய், வாட்சையும் இழுத்துச் சாய்த்துவிடும். மாலை நேரத்தில் போய் அளவு வையுங்கள். எடுத்த கண்ணிகளையும் பின்களையும் கேட்டு வாங்கி, வாட்ச் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கை பருத்தால் அந்த மாடலுக்குக் கண்ணி கிடைக்காது.

ஏற்கெனவே பெரிய வாட்ச் வாங்கிவிட்டேன். ஏதாவது செய்ய முடியுமா?

பட்டையை மாற்றிப் பாருங்கள். விறைப்பான ரப்பர் பட்டை லக்கிலிருந்து வெளியே நீட்டி, இருக்கும் நீளத்தை இன்னும் கூட்டும். அதை எடுத்துவிட்டு, லக்கிலேயே மடங்கிக் கீழே விழும் மெல்லிய தோல் பட்டையைப் போட்டால் ஓரளவு அடங்கும். நேட்டோ பட்டை என்று விற்கும் நைலான் பட்டை கேஸுக்கு அடியில் இரண்டு மடிப்பாகப் போகும். வாட்சை இன்னும் உயர்த்திவிடும், பெரிய வாட்சுக்கு வேண்டாம்.

லக் ஓரத்தைத் தாண்டி மிகவும் நீட்டி நின்றால் எந்தப் பட்டையும் உதவாது. என்னுடைய 52 மி.மீ. வாட்சுக்கு மூன்று பட்டை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பொங்கலுக்கு வந்திருந்த என் மச்சான் மேசைமேல் கிடந்ததை எடுத்துச் சும்மா கட்டிப் பார்த்தார். அவர் கை 19 செ.மீ., தட்டையும் அகலம். நான்கு லக்கும் கையோடு படிந்தன, பட்டைக்குக் கீழே துளி வெளிச்சம் இல்லை. கழற்ற விடவில்லை, கட்டிக்கொண்டே ஊருக்குப் போகச் சொல்லிவிட்டேன்.